முதல் கன்டெய்னரை வழியனுப்புகிறவர்

உலகத்தில் உதவி செய்கிறவர்கள் பல வகை. கேட்டால் செய்கிறவர் உண்டு, கேட்காமலே செய்கிறவர் உண்டு, கேட்டவுடன் செருப்பைத் தேடுகிறவரும் உண்டு. இந்தக் கணக்கில் எங்கும் அடங்காத ஒரு வகை எங்கள் மலைப்பக்கத்து மாவட்டத்தில் மழைக்காலக் காளான் மாதிரிச் செழித்து வளர்கிறது. நீங்கள் வாங்கி, காய்ச்சி, சலித்து, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அப்பாடா என்று நெற்றி வியர்வையைத் துடைக்கும் அந்த நொடியில், சட்டை மடிப்புக் கலையாமல் காரிலிருந்து இறங்குவார். கொடியை வாங்குவார். அசைப்பார். வண்டி நகரும். நகர்ந்ததா இல்லையா? அப்படியானால் அவர்தான் அனுப்பினார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், வழியனுப்புகிறவர்.

உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் பேனர் அடிக்கிறவன். நடு ஜாவாவில், செமாராங் துறைமுகத்துக்குப் போகும் மலைப்பாதை எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் இறங்குகிறது. அந்தப் பாதையில் எந்தச் சரக்கு வெளிநாடு போனாலும் அதற்கு முன்னால் என் கடையில் ஒரு பேனர் அடித்தாக வேண்டும். பேனரில் இடது பக்கம் மாவட்டத் தலைவர் படம், வலது பக்கம் துணைத் தலைவர் படம், நடுவில் கொஞ்சம் கீழே, ஆனால் பார்ப்பவர் கண் முதலில் விழும் இடத்தில், நம் ஆள் படம். சரக்கின் படம்? அது மூலையில் கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். "அதையும் இன்னும் கொஞ்சம் சின்னதாக்குங்க, எழுத்துக்கு எடம் பத்தல" என்பார்கள். நானும் ஆக்குவேன். ஒரு தடவை இஞ்சி மிட்டாய் ஏற்றுமதிக்கு அடித்த பேனரில் மிட்டாயை நானே தேட வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் வழியனுப்புகிறவர் பெயர் பாக் குந்தோரோ. 'பாக்' என்றால் ஐயா. அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மாவட்ட வணிக அலுவலகத்தில், உள்ளூர்த் தொழில்களை வெளிநாட்டுச் சந்தைக்குக் கைதூக்கி விடும் பிரிவுக்கு அவர்தான் தலை. நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏதாவது சொன்னால் எனக்கு அவர் மேல் காழ்ப்பு என்று நினைக்க வேண்டாம். கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. யாரையும் ஏய் என்று அதட்டியதில்லை. காலையில் அலுவலகக் கதவைத் திறக்கிறவரும் அவர்தான், சாயங்காலம் மின்விசிறியை நிறுத்துகிறவரும் அவர்தான். இடையில் என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, கேட்டுவிட்டீர்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறார். ஓட்டல் மேல்மாடியில் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்து, வாழைப்பழச் சிப்ஸ் போடுகிறவர், மூங்கில் கூடை முடைகிறவர், காப்பிக்கொட்டை வறுக்கிறவர் எல்லாரையும் போர்வை இல்லாமல் நடுங்க வைத்து, "உலகம் நம்ம வாசல்ல வந்து நிக்குது!" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் திரும்பி வாசலைப் பார்ப்பார்கள். அங்கே தின்பண்டப் பெட்டி அடுக்குகிற பையன்கள் நிற்பார்கள். அடுத்தது அவருடைய மூன்று அருளுரைகள். பேக்கிங்கை மாத்துங்க. பொருளுக்குப் பின்னால ஒரு கதை வேணும். நம்பிக்கையை விடாதீங்க. கப்பல் கட்டணம் எவ்வளவு, பணம் எப்போது கைக்கு வரும், சரக்கு உடைந்தால் யார் தலையில் விடியும் என்று யாராவது பின்வரிசையிலிருந்து கேட்டால், "அருமையான கேள்வி!" என்று கைதட்டச் சொல்வார். தட்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

ஆனால் வகுப்பெல்லாம் அவருக்கு ஊறுகாய். சாப்பாடு எது தெரியுமா? 'முதல் ஏற்றுமதி வழியனுப்பு விழா'. அந்த 'முதல்' என்ற சொல் இல்லாமல் நான் அவருக்கு ஒரு பேனர்கூட அடித்ததில்லை. ஒரே காப்பிக்காரர் ஒரே வருஷத்தில் நாலு முறை முதல் ஏற்றுமதி செய்தார். ஜப்பானுக்கு முதல். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு முதல். புது அலுவலகக் கட்டடம் வந்த பிறகு முதல். நாலாவது முறை என்ன முதல் என்று எனக்கே சந்தேகம் வந்து கேட்டேன்.

"நீலக் கலர் கன்டெய்னர்ல இதான் முதல்" என்றார் பாக் குந்தோரோ, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

விழா எப்படி நடக்கும் என்கிறீர்கள்? லாரிக்கு மல்லிகை மாலை. பின்னால் கன்டெய்னர் என்கிற அந்த நீளமான இரும்புப் பெட்டி. ஷாமியானா, நாற்காலி, தேசிய கீதம், பிரார்த்தனை, வரவேற்புரை, குழுத் தலைவர் அறிக்கை, அறிக்கைக்கு நன்றியுரை, துணைத் தலைவர் உரை, தலைவர் உரை. ஆளுக்கொரு பெட்டியில் வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசியும் ஒரு பழமும். கடைசியில் பூவிதழ் மிதக்கும் தண்ணீர் நிறைத்த மண் கெண்டியை லாரியின் முன்சக்கரத்தில் ஓங்கி உடைப்பார்கள். எங்கள் ஊரில் நல்ல காரியம் எதற்கும் கெண்டி உடைபட வேண்டும். உடைந்ததும் டிரைவர் ஹாரன் அடிப்பார், வண்டி நகரும், பாக் குந்தோரோ அழுவார்.

ஆமாம், நிஜமாகவே அழுவார். நான் பேனர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நடிப்பு இல்லை. பெற்ற பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி, வண்டி கடைத்தெரு வளைவில் மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நிற்பார். அதனால்தான் அவரைத் திட்டவும் வாய் வராது.

திட்டத்தான் வாய் வராது என்றில்லை, எங்கள் ஜனங்களுக்கு 'முடியாது' என்று சொல்லவும் வாய் வராது. பெரியவர் எதைச் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி 'இங்கி' என்போம். ஆமாங்க என்று அர்த்தம். சம்மதம் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு வீட்டுக்குப் போய் நமக்குத் தோன்றியதைச் செய்வோம். இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே பாக் குந்தோரோ, தன் யோசனைகளை மாவட்டமே தலைமேல் வைத்துக் கொண்டாடுவதாக நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது இபு லஸ்மினி கதைக்கு வருகிறேன். 'இபு' என்றால் அம்மா. மலைமேல் இருக்கிற கிராமங்களில் தென்னம்பாளை சீவிப் பதநீர் இறக்கும் குடும்பங்களிடம் வெல்லம் வாங்கி, இடித்து, காய வைத்து, சலித்து, எறும்புப் புற்று மண் மாதிரிப் பொலபொலவென்று ஆக்கி விற்கிறவர். நாங்கள் அதை எறும்புச் சர்க்கரை என்போம். ஹாலந்தில் அதை ரொட்டியில் போடுகிறார்களாம், காப்பியில் போடுகிறார்களாம், என்ன கேட்டாலும் கொடுத்து வாங்குகிறார்களாம். பாக் குந்தோரோ வகுப்பில் நடுங்கியவர்களில் இந்த அம்மாவும் ஒருவர். ஆனால் ஹாலந்துக்காரரைக் கண்டுபிடித்தது வகுப்பில் இல்லை. மருமகனின் கைப்பேசியில், சலிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்.

போன வருஷம் முதல் கன்டெய்னர் தயாரானது. கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் துறைமுகக் கதவைச் சாத்துவார்கள்; அதற்குள் பெட்டி உள்ளே போயிருக்க வேண்டும். பாக் குந்தோரோவுக்குச் செய்தி எட்டியது. "மாவட்டத் தலைவரே வர்றாரு! நம்ம இபு சர்க்கரைக்கு!" என்று துள்ளினார். விழா காலையில் என்றார்கள். மாலை போட்ட லாரி வெயிலில் நின்றது. தலைவர் வேறொரு ஊரில் பாடும் பறவைப் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போயிருந்தார். வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார், வந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லியே மதியம் சாய்ந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, தலைவர் வந்தபோது துறைமுகக் கதவு இல்லை. சாத்திவிட்டார்கள். மறுநாள் பெட்டி இல்லாமலே கப்பல் போய்விட்டது.

அடுத்த கப்பலுக்காகத் துறைமுக வெக்கையில் கிடந்த சர்க்கரை, ஈரம் இழுத்து, கட்டி தட்டி, ஹாலந்து போய்ச் சேர்ந்தபோது செங்கல்லாக இருந்ததாம். ஹாலந்துக்காரர் தங்கமானவர். உடைத்துப் பொடித்து எடுத்துக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை கப்பலைத் தவற விட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். வேறு ஆளுக்கா பஞ்சம்? பக்கத்துத் தீவு முழுக்கத் தென்னைமரம்தான். இந்த அம்மாவை நம்பித்தான் மழையில் வழுக்கும் மரத்தில் காலை மாலை இரண்டு வேளையும் ஏறுகிறார்கள் அந்த மலைக்கிராமத்து ஆண்கள். ஹாலந்து கைவிட்டுப் போனால் பழையபடி சந்தைத் தரகர் வைத்ததுதான் விலை.

இந்த வருஷம் இரண்டாவது ஆர்டர். இபு லஸ்மினி யாரிடமும் மூச்சுவிடாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தார். அங்கேதான் சிக்கல். சர்க்கரை எங்கள் ஊரில் பிறந்தது என்று பாக் குந்தோரோ அலுவலகம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாவிட்டால் ஹாலந்தில் சுங்கவரி தீட்டிவிடுவார்கள், ஹாலந்துக்காரர் கையை விரித்துவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பூசாரியின் கொள்கையோ உறுதியானது: வழியனுப்பாத சரக்குக்கு எதற்குப் பிறப்புச் சான்றிதழ்? விழா முடிந்த அன்றே, மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவார். விழா வைத்தால் கப்பல் போச்சு. விழா வைக்காவிட்டால் சான்றிதழ் போச்சு.

அந்த வாரம் இபு லஸ்மினி என் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேனர்க்காரரே, உங்களால எவ்வளவு பெரிசா பேனர் அடிக்க முடியும்?"

"காசு குடுத்தா எரிமலையையே மூடிடலாம் இபு. எதுக்கு?"

"கன்டெய்னரோட பின்கதவு முழுசா மறையணும்."

"மறைச்சா?"

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரியாது."

"இபு, விளையாடாதீங்க. சர்க்கரை எங்க இருக்கும்?"

"கப்பல்ல இருக்கும். விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நம்ம லாரி டிரைவர் துகிமின் மத்தியானத்துல ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். எங்க அண்ணன் நாற்காலிப் பட்டறைக்கு வந்த காலிப் பெட்டி ஒண்ணு சும்மா நிக்குது. மாலையை அதுக்குப் போடட்டும். கெண்டியை அதுல உடைக்கட்டும். இரும்புக்கு இரும்பு, என்ன கெட்டுப்போச்சு?"

"பாக் குந்தோரோ கிட்ட நேரா பேசிப் பாத்தீங்களா?"

"பேசுனேன். 'கப்பல் காத்திருக்காதுங்க பாக்'னேன். 'கவலப்படாதீங்க இபு, நாம நல்லா வழியனுப்பி வைப்போம்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? இங்கின்னேன்."

விழா நாள் வந்தது. சர்க்கரை அதற்குள் நடுக்கடலில் இருந்தது. சான்றிதழ் பாக் குந்தோரோவின் தோல்பையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. காலிப் பெட்டியைச் சுமந்த லாரி மாலையும் தோரணமுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றது. பின்கதவில் என் பேனர், ஒரு விரல்கடை இரும்புகூடத் தெரியாமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தேன். டிரைவர் துகிமின் வழக்கத்தைவிட அதிகமாகக் கிரெத்தெக் என்கிற கிராம்புச் சுருட்டு பிடித்தான். அவன் முகத்தில் இன்னும் ஏதோ சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான். ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்னால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாவட்டத் தலைவர் வந்தார். அன்றைக்குப் பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்தார்! உரைகள் நடந்தன. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கெண்டியைத் தலைவர் கையில் கொடுக்கப் போன பாக் குந்தோரோ சட்டென்று நின்றார்.

"ஒரு நிமிஷம்! பக்கத்து மாவட்டத்துல போன வாரம் போட்டோ போட்டாங்க, பாத்தீங்களா? கதவத் தொறந்து மூட்டையெல்லாம் தெரியற மாதிரி. என்ன அழகு! நாமளும் அப்படி ஒண்ணு எடுத்துடலாம். பேனரக் கழட்டுங்க!"

நான் கயிற்றுப் பக்கம் போனேன். போய், இருக்கிற முடிச்சு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். "இங்கி பாக், இதோ பாக்" என்று வாய் சொன்னது.

"துகிமின்! கதவு!"

"இங்கி பாக்" என்றான் துகிமின். நகரவில்லை.

"இபு லஸ்மினி, சொல்லுங்களேன்!"

"இங்கி பாக்" என்றார் அந்த அம்மா. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. எங்கே போகும் அந்தப் பார்வை? நேராக பாக் குந்தோரோவின் தோல்பைக்குத்தான் போனது.

'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. எல்லாரும் இங்கி, இங்கி என்று கோரஸ் பாட, பாக் குந்தோரோ உற்சாகம் பொங்கி, தானே போய் பேனரை ஒரு பக்கம் கிழித்து, தாழ்ப்பாளைத் தூக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.

உள்ளே சர்க்கரை இல்லை. மூட்டை இல்லை. ஒரு விளக்குமாறு இருந்தது. குறுக்கே கட்டிய கயிற்றில் துகிமினின் ஈரக் கைலி காய்ந்தது. நடுவில் ஒரு கூண்டு தொங்கியது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று அந்தப் பாவி தன் மணிப்புறாவை அங்கே தொங்கவிட்டிருக்கிறான்.

கேமராக்காரன் கேமராவைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டான். அந்த நிசப்தத்தில் புறா தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவியது. காலி இரும்புப் பெட்டிக்குள் அந்தக் குரல் மசூதி ஒலிபெருக்கியில் வருகிற மாதிரி முழங்கியது.

"அடடே!" என்றார் மாவட்டத் தலைவர். "என்ன குரல்யா இது! யாரோட பறவை?"

"என்... என்னுதுங்க பாக்" என்றான் துகிமின்.

"என்ன தீனி போடுற?"

"தினையும் கொஞ்சம் கருப்பரிசியும்ங்க பாக்."

தலைவர் ஏணிப்படியில் கால் வைத்துப் பெட்டிக்குள் ஏறியேவிட்டார். கூண்டின் கீழே நின்று நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார். புறா பதில் சொன்னது. கூட வந்த அதிகாரிகள் எல்லாரும் ஏறினார்கள். ஒருத்தர் குரலின் கனத்தைப் புகழ்ந்தார், ஒருத்தர் கடைசி இழுப்பைப் புகழ்ந்தார். பெட்டி காலி என்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தார்கள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது.

"இதுவும் ஹாலந்துக்கா போகுது?" என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே.

"ஐயோ பாக், என் பொண்டாட்டியைக்கூட அனுப்பிடுவேன், இதை அனுப்ப மாட்டேன்" என்றான் துகிமின்.

பெட்டிக்குள் சிரிப்பு வெடித்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் லாரியில் சாய்ந்தேன். ஆனால் பெட்டிக்கு வெளியே ஒருவர் சிரிக்கவில்லை. பாக் குந்தோரோ கெண்டியைப் பிடித்தபடி இபு லஸ்மினி பக்கத்தில் போய் நின்றார். நான் கிழிந்த பேனரைச் சுருட்டுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

"சர்க்கரை எங்க இபு?" குரலே எழும்பவில்லை அவருக்கு.

"கடல்ல இருக்கு பாக்."

"எப்பப் போச்சு?"

"முந்தாநாளு மத்தியானம்."

"யாரு வழியனுப்புனா?"

"யாரும் இல்லீங்க. துகிமின் வண்டியை எடுத்தான். நான் கேட்டைத் தொறந்து விட்டேன்."

"ஒரு ஆளுகூடக் கையசைக்கலையா? ஒரு கெண்டி உடைக்கல? அனாதை மாதிரி அனுப்பிட்டீங்களே இபு!"

சத்தியமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டு கத்துவார், சான்றிதழைக் கிழிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருக்குத் தன்னை ஏமாற்றியதில்கூட வருத்தமில்லை. யாரும் கையசைக்காமல் சர்க்கரை தனியாகப் போயிற்றே என்றுதான் வருத்தம். அதைவிட ஒன்று உள்ளே குத்தியிருக்க வேண்டும்: அவர் இல்லாமலே அது போயிருக்கிறது. போக முடிந்திருக்கிறது. அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இபு லஸ்மினிக்கும் பாவமாக இருந்திருக்கும். வியாபாரியாக வந்த அம்மா, அந்த நிமிஷம் நிஜமாகவே அம்மா ஆகிவிட்டார்.

"அதுக்குத்தானே பாக் இன்னிக்கு உங்களை வரச்சொன்னேன். சரக்கு போன பாதை இதுதான். இங்க நின்னு நீங்க வழியனுப்புனா அதுக்குப் போய்ச் சேராதா?"

அவர் யோசித்தார். "சேரும்ங்கறீங்க?"

"இங்கி பாக்."

முகம் மெல்ல மலர்ந்தது. மனுஷன் தோளை நிமிர்த்தி, மைக்கை வாங்கி, பெட்டிக்குள் இருந்தவர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார் பாருங்கள்!

"பெரியோர்களே! மத்த ஊர்ல சரக்கு ஆளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். நம்ம ஊர்ச் சரக்கு யாருக்காகவும் நிக்காது! நாம வர்றதுக்குள்ள அது பாதிக் கடல் தாண்டிருச்சு! இது காலிப் பெட்டின்னு நெனைக்காதீங்க. அடுத்த சரக்குக்கு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிற பெட்டி! உலகம் நம்ம வாசல்ல வந்து நிக்குது!"

கைதட்டல் அடங்கவே இல்லை. தலைவரும் அதிகாரிகளும் பெட்டியிலிருந்து இறங்கினார்கள், கெண்டி உடைந்தது. காலிப் பெட்டி தடதடவென்று கடைத்தெருவில் இறங்கிப் போயிற்று, உள்ளே புறா கூவிக்கொண்டே போயிற்று. பாக் குந்தோரோ வளைவு வரைக்கும் கையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே, லாரி நின்ற இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

சர்க்கரை பொலபொலவென்று போய்ச் சேர்ந்தது. ஹாலந்துக்காரர் அடுத்த தடவைக்கு இரண்டு பெட்டி கேட்டார். மலைக்கிராமத்தில் அன்று ஆடு வெட்டினார்கள். எனக்கும் ஒரு தூக்குச் சட்டி குழம்பு வந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து பாக் குந்தோரோ கடைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேனர்க்காரரே, ஒரு பேனர் வேணும். 'முதல் ஏற்றுமதி வழியனுப்பு விழா'ன்னு."

"என்ன சரக்குங்க பாக்? யாரு கம்பெனி?"

"அந்த எடத்தை காலியா விடுங்க. தேதியும் போட வேண்டாம். நல்ல கெட்டித் துணியா அடிங்க, பல தடவை கழட்டி மாட்ட வேண்டியிருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அப்புறம்..." என்றார். "அந்த மாதிரி ஒரு பழைய பெட்டி எங்கயாச்சும் கிடைக்குமா?"

கிடைத்தது. கடலில் ஓடி ஓய்ந்து துருப்பிடித்த பெட்டி ஒன்று. சாயம் அடித்து அலுவலக வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது எங்கள் மாவட்டத்தில் சரக்கு ஒரு வழி, விழா ஒரு வழி. கப்பல் எப்போது கூப்பிடுகிறதோ அப்போது சரக்கு சத்தமில்லாமல் போகும். தலைவருக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது பெட்டிக்கு மாலை விழும், கெண்டி உடையும், துகிமின் அதை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையைச் சுற்றி ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். காப்பிக்காரர், இஞ்சி மிட்டாய்க்காரர், நாற்காலிப் பட்டறை அண்ணன், எல்லார் சரக்கும் நேரத்துக்குப் போவதால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் ஊர்மேல் நம்பிக்கை வந்து, ஏற்றுமதி உண்மையிலேயே வளர்ந்துவிட்டது. அதற்காக மாகாணத்தில் பாக் குந்தோரோவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று பக்கத்து மாவட்டத்து அதிகாரிகள் வந்து கேட்கிறார்கள். அதே ஓட்டல், அதே குளிர். "ஏற்றுமதியில முக்கியம் நேரம் தவறாமை" என்கிறார்.

பெட்டி காலி என்று அவருக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, சாயம் அடிக்கச் சொன்னதே அவர்தானே! அரைமணியில் திரும்பி வரும் என்பதும் தெரியும். ஆனாலும் வளைவில் மறையும்போது கண்ணைத் துடைக்கிறார். நிஜக் கண்ணீர். எனக்கே புரியவில்லை, நான் ஏன் அதை உங்களுக்கு விளக்க வேண்டும்?

நீங்கள் இவ்வளவு நேரமாக ரொம்பத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பிள்ளைகள் உங்களிடம் வந்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், வாசல்ல நின்னு வர்றவங்கள வரவேத்தா போதும், நீங்க இல்லாம எதுவும் நடக்காது" என்று சொன்னார்களா? அலுவலகத்தில் சின்னப் பையன்கள், "சார், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று ரொம்பப் பணிவாகச் சொல்கிறார்களா? நீங்கள் சொல்கிற யோசனைக்கெல்லாம் எதிர்ப்பேச்சே இல்லாமல் தலையாட்டுகிறார்களா? கேட்கச் சுகமாக இருந்திருக்குமே! நாலு பேரிடம் சொல்லியும் இருப்பீர்கள்.

உங்களுக்கும் ஒரு பெட்டி மாலை போட்டுத் தயாராக நிற்கிறது. கதவைத் திறந்துதான் பாருங்களேன். சரக்கு உங்களைக் கேட்காமல் எப்போதோ கப்பல் ஏறிப் போயிருக்கும்.